ஒரு மலைக்கு உரிய உயிர்

பல்லியை அடித்தால் நன்மை உண்டென்று நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். ஆதாரமற்ற சொல்லன்று அது. ‘வஸக்’ எனும் பல்லியைக் கொல்லுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக உம்மு ஷரீக் (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களைச் சூழ்ந்த தீயை அது ஊதிற்று என்ற காரணமும் உடன் வருகிறது. ஆயின், அதே நூலில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கூற்றும் உண்டு: அண்ணலார் அதனைத் தீங்கிழைக்கும் சிற்றுயிர் என்று குறித்தார்கள், கொல்லப் பணித்ததைத் தாம் செவியுற்றதில்லை. அன்னையின் இல்லத்தில் பல்லி கொல்லும் ஈட்டி இருந்ததாக இப்னு மாஜாவில் வரும் செய்தியையும் மறைக்க வேண்டியதில்லை. அறிஞர்கள் இவற்றையெல்லாம் எடைபோட்டே பேசினர். நாமோ ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி நிறுத்திவிட்டோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. இங்கிருந்து நிமிர்ந்து நோக்கினால் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் தெரிகின்றன. இம்மலைகளில் விரலளவேயான மெல்லிய பல்லிகள் உள. பகலில் மரப்பட்டையிலும் பாறை இடுக்கிலும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் பூச்சி தின்பவை. சேர்வராயன் பல்லியை 1870இல் பெடோம் என்ற ஆங்கிலேய வன அதிகாரி ஏட்டில் பதிந்தார். தென்னக மலைகளில் வாழும் இத்தகைய பல்லிகள் யாவும் அந்த ஓரினமே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2019இல் இந்திய ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு, கொல்லிமலைப் பல்லி தனியோர் இனம் என்று கண்டு அம்மலையின் பெயரையே அதற்குச் சூட்டினர். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்துக் குளிர்ச்சியில் வாழும் உயிருக்கு நம் சமவெளியின் வெயில் கடலுக்கு ஒப்பானது. இரு மலைகளும் இரு தீவுகள். நீர் சூழ்ந்த தீவுகளில் நேர்ந்ததை நாம் அறிவோம். மொரிசியஸை அடுத்த ரொட்ரிகஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த பெரும்பல்லி, மனிதர் குடியேறிய பின் 19ஆம் நூற்றாண்டில் அற்றுப்போயிற்று.

கொல்லும் கட்டளை இந்தக் கொல்லிமலைப் பல்லியையும் சாருமா? ஒரு சட்டத்தின் அடிப்படைக் காரணத்தை உசூல் கலை ‘இல்லத்’ என்கிறது. வீட்டில் உணவைக் கெடுக்கும் உயிருக்கு உரைத்ததை, எவர் உணவையும் தீண்டாத மலையுயிர் மேல் ஏற்றுவது முறையன்று என்பதே என் கருத்து. இதனினும் வலுவான சான்று நாய்களைப் பற்றிய நபிமொழி. அவையும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயமாய் இராவிடில் அவற்றைக் கொல்லப் பணித்திருப்பேன் என்ற கருத்தில் அண்ணலார் உரைத்ததாக அபூதாவூதும் திர்மிதியும் பதிந்துள்ளனர். ஊர்வன, பறப்பன யாவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் திருமறையின் ஆறாம் அத்தியாயத்துக் கருத்தும் அதுவே. ஒன்றைக் கொல்வது வேறு, ஓர் உம்மத்தையே துடைப்பது வேறு.

அம்மலைப் பல்லியை எவரும் செருப்பெடுத்து அடிக்கப் போவதில்லை என்பது மெய்யே. பாக்சைட்டுக்காக வெட்டப்பட்ட மலைகள் இவை. காட்டைத் திருத்தித் தோட்டங்களும் விடுதிகளும் எழுந்தன. மலைவாழ் மக்களின் கம்பங்கொல்லையை நான் குறை கூறவில்லை. அவர்கள் பசிக்கு உழுதவர்கள். கோடை கழிக்க மனை வாங்கும் நம்மவரைத்தான் கேட்கிறேன். பாறை பிளந்தவர் கூலியாள், மரம் சாய்த்தவர் ஒப்பந்தக்காரர், பணம் தந்தவர் கீழே ஊரிலிருக்கிறார். இவர்களுள் எவரும் அப்பல்லியைக் கண்ணால் கண்டதில்லை. நாளை அது அற்றுப்போனால், விசாரணை நாளில் எவர் ஏட்டில் அது எழுதப்பட்டிருக்கும்?