கயிற்றரவும் வரப்பில் வரும் அரவும்

மங்கிய ஒளியில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென மயங்கி அஞ்சுபவனை அத்வைத நூல்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றன. கௌடபாதர் மாண்டூக்கிய காரிகையில் கையாண்டதும் ‘கயிற்றரவு’ எனத் தமிழில் வழங்குவதுமான இவ்வுவமையின்படி, விளக்கொளி விழுந்ததும் பாம்பும் அச்சமும் ஒருங்கே மறைவதுபோல, மெய்யறிவு வாய்த்ததும் உலகத் தோற்றம் நீங்கும். நெய்வேலிச் சுரங்கங்களை அடுத்த கம்மாபுரத்து வயல்வரப்பில் அந்தி வேளையில் டார்ச் லைட் அடிப்பவருக்கோ, கயிறென்று எண்ணியதே பாம்பாக இருந்துவிடுகிறது. அறிவு வந்த பின்னும் பாம்பு அங்கேயே இருக்கிறது, அச்சமும் இருக்கிறது.

இங்கே துணைசெய்வது, அவ்வட்டாரத்துப் பெண்ணாடத்தில் பிறந்தவரென மரபு கூறும் மெய்கண்டாரின் நோக்கு. உலகம் உள்பொருள் என்று 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் வழியே நிறுவிய அவரது சைவ சித்தாந்தத்தில், ‘பசு’ என்பது ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்களால் கட்டுண்ட உயிர். வரப்பில் நிற்பவரும் பசு. அவர்முன் ஊர்வதும், வினைக்கேற்ப வேறோர் உடல் பெற்ற பசுவே.

உடல் வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ள இயலாத பாம்பு, மாசி, பங்குனியிலேயே வெயில் கடுக்கும் ஆண்டுகளில் பகலெல்லாம் வளையிலும் புற்றிலும் ஒடுங்கி, அந்தியிலும் இரவிலும் இரைதேடி வெளிவருகிறது. அதே வெயிலுக்குத் தப்பி உழவரும் அந்நேரத்தில்தான் நீர் பாய்ச்சப் போகிறார். 1901 முதலான பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான பிப்ரவரி 2025இல் அமைந்ததை நோக்கினால், இச்சந்திப்புகள் இனி முன்னதாகவே தொடங்கக்கூடும். இதில் பகை எவரிடமும் இல்லை. இருவருமே வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்.

ஆயினும் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது கொடுமையாகும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிடுகிறது. உறங்கும் குழந்தையருகே வந்த கட்டுவிரியனை அடித்தவரை எந்த அறநூலைக் கொண்டும் எளிதில் பழிக்க முடியாது. விலகிச் செல்லும் பாம்பைத் துரத்தி அடிப்பது வேறு. புற்றுக்குப் பால் வார்த்து மஞ்சள் தூவி வணங்கும் கைகளே, நஞ்சற்றதும் எலிகளைத் தின்று பயிரைக் காப்பதுமான சாரையை வரப்பில் அடித்துக் கொல்வதும் உண்டு. வழிபாடு அதைத் தெய்வமாகவும் அச்சம் அதைப் பகையாகவும் காண, தன் போக்கில் வாழும் அந்த உயிர் இரு பார்வைக்கும் தப்பிவிடுகிறது.

அதை உயிராகவே கண்டு பழகியவர்கள், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடியினரான இருளர்கள். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் உருவான அவர்களது கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிடமிருந்து, கடிக்கு மருந்தாகும் நச்சுமுறி தயாரிப்பதற்கான நஞ்சை எடுத்தபின், பாம்புகளை மீண்டும் காட்டிலேயே விடுகிறது.