எதுவரை விருந்தாளி?

விருந்தோம்பல் மூன்று நாட்களுக்குரியது, அதற்கு மேல் கொடுப்பது தர்மம் என்ற கருத்திலமைந்த நபிமொழியை நாம் அறிவோம். வந்தவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டால் அவரை எந்தப் பெயரால் அழைப்பது? புத்தளத்து மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தவருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். பெரும்பாலோருக்குப் புத்தளமே புகலிடமாயிற்று. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அவர்களுக்காகத் திறந்தன. வீடுகளில் உலைப்பானை பெரிதாயிற்று. பின்னர் தோட்டங்களிலும் வெறும் காணிகளிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. அவ்வாறு நிறைந்த ஊர்களில் தில்லையடியும் ஒன்று.

அன்று கொடுத்தவர்கள் செல்வந்தர்களல்லர். கடற்றொழிலையும் உப்பளத்தையும் தோட்டக் கூலியையும் நம்பி வாழ்ந்தவர்களே மிகுதி. அந்த ஈகைக்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள். வேலை தேடும் கைகள் பெருகியபோது கூலி குறைந்தது. வகுப்பறைகளில் நெரிசல் கூடியது. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கு ஒன்றிருப்பதால், நம் பிள்ளையின் இடம் போகுமோ என்ற அச்சமும் வந்தது. இவற்றை வெறும் பொறாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

மறுபக்கத்தின் வலி வேறு வகையானது. காணி வாங்கி, கல்வீடு கட்டி, இங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த பின்பும் ‘அகதி’ என்ற சொல் ஒருவரை விட்டு நீங்குவதில்லை. அகதி என்றால் கதியற்றவர். தானே உழைத்து உண்பவரை அப்படி அழைக்கும்போது அவரது நிலையையா சொல்கிறோம், அல்லது நாம் ஒருகாலத்தில் கொடுத்ததை நினைவூட்டுகிறோமா?

ஹிஜ்ரத்தின்போது மதீனாவில் நடந்ததை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஸஃது இப்னு ரபீஃ (ரழி) தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்ததோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அதை ஏற்காமல், கடைத்தெரு எங்கே என்று கேட்டார். கொடுக்க முன்வந்தவரின் பெருமை அறியப்பட்டது. கேட்டவரின் தன்மானத்தைப் பற்றி நாம் அவ்வளவு பேசுவதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு மதீனா வழிகாட்டியது, அவரும் அங்கே வணிகராக உயர்ந்தார். சோறு போடுவதைவிடக் கடைத்தெருவில் இடம் விடுவது கடினம். ஏனெனில் சோறு பெறுபவர் நமக்குக் கீழே இருக்கிறார், கடை வைத்தவரோ நமக்குச் சமமாக எதிரே நிற்கிறார்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். அவர்களை முழுமையாக ஊரவராக ஏற்றால், துரத்தியடித்த அநியாயத்தை நாமும் உறுதிப்படுத்தியதாகாதா? அவர்களின் சொந்த மண்ணின் உரிமை என்னாவது? இது புறக்கணிக்கத்தக்க கேள்வியல்ல. 2019 நவம்பர் 16ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்றவர்களின் பஸ்கள் தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காயின. வெளியேற்றப்பட்டு 29 ஆண்டுகளின் பின்னும் ஒரு மக்கள் கூட்டம் ஓரிடத்தில் வாழ்ந்து வேறோரிடத்தில் வாக்களிக்கிறது. அங்கே போனால் ‘இத்தனை நாள் எங்கே இருந்தாய்’ என்கிறார்கள். இங்கே நின்றால் ‘எப்போது போவாய்’ என்கிறார்கள்.

ஆனால் ஒருவருக்கு ஓர் ஊர்தான் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது? 630இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணிலேயே தங்கிவிடுவார்களோ என்று அன்ஸாரிகள் கலங்கினர். தமது வாழ்வும் மரணமும் அவர்களோடுதான் என்று கூறி அன்னார் மதீனாவுக்கே திரும்பினார்கள். மக்கா மீதான அன்பும் குறையவில்லை. ஊர் கிடைத்துவிட்டதே, இனிப் போகலாமே என்று மதீனாவில் எவரும் சொல்லவுமில்லை.

ஆகவே, போகும் உரிமையும் இருக்கும் உரிமையும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல. மன்னாரில் காணி கேட்பவர் தில்லையடியில் அந்நியராகிவிடுவதில்லை. உள்ளூரவரின் இழப்பையும் கணக்கில் எடுப்பதுதான் நீதி. உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் முகாம்களில் இருந்தோரோடு உள்ளூரவரையும் பயனாளிகளாகக் கருதியது. அந்த முறையில் ஒரு பாடம் உண்டு. ஒரே கிணற்றில் அள்ளுகிறவர்களுக்கு இரண்டு பட்டியல் வைத்தால் பகை வளரும்.

இனி எஞ்சியிருப்பது நம் கையில் உள்ளது. பள்ளிவாசல் நிர்வாகத்தில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில், மையவாடி பற்றிய முடிவில் யார் பேசுகிறார்கள், யார் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஊரின் உண்மை நிலை தெரிந்துவிடும். 1990இல் கைக்குழந்தையாக வந்தவரின் பிள்ளை இன்று நம் வகுப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வாப்பாவின் ஊர் கதையில் இருக்கிறது, தன் ஊர் காலடியில் இருக்கிறது. அதனிடம் ‘உன் ஊர் எது’ என்று கேட்டுவிட்டு, ‘தில்லையடி’ என்ற பதிலை ஏற்காமல் மறுபடியும் கேட்பதை முதலில் நிறுத்துவோம்.