கீறலோடு களத்துக்கு வா!

தம்பி, தங்கையே! ஒரு தோல்வியில் விழுந்த கீறலைத் தடவிப் பார்த்துக்கொண்டே மூலையில் உட்கார்ந்திருக்கிறாயா? எழுந்திரு! பிளாஸ்டிக்கின் முறிவுத் தாங்குதிறனை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா?

முதலில் பட்டையில் ஒரு வெட்டுப் போடுவார்கள். அதன் அடியில் புதுப் பிளேடை வைத்துத் தட்டிக் கூரிய விரிசல் உண்டாக்குவார்கள். அகலத்தில் ஏறக்குறையப் பாதிவரை பிளந்த பிறகுதான் சோதனையே! இரு முனைகளையும் தாங்கிவைத்து நடுவில் அழுத்துவார்கள். எவ்வளவு விசைவரை அந்த விரிசல் ஓடாமல் நிற்கிறதோ, அதிலிருந்துதான் பொருளின் மதிப்பைக் கணக்கிடுவார்கள். விரிசலின் முனை மழுங்கியிருந்தால் எண் கூடுதலாக வரும். அது பொய் எண். கூரிய சோதனைதான் உண்மையைச் சொல்லும். உனக்கு வாய்த்த சோதனை கூர்மையானதா? நிமிர்ந்து நில்!

கண்ணாடி எதிர்பார்த்ததைவிட எளிதில் உடைவதற்கு அதிலுள்ள நுண்விரிசல்களே காரணம் என்று 1921-லேயே காட்டினார் ஆய்வாளர் கிரிஃபித். விரிசலே இல்லாத பொருளைத் தேடாதே. விரிசலை ஓடவிடாத பொருளாக மாறு!

எப்படி மாறுவது? பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கைப் பார். விறைப்பானது, ஆனால் ஓர் அடியில் நொறுங்கும். அதனுள் மிருதுவான ரப்பரைச் சிறிதளவு, நுண்துகள்களாகச் சேர்த்தார்கள். அடி தாங்கும் பிளாஸ்டிக் பிறந்தது! காரணத்தை 1965-இல் ஆய்வாளர்கள் பக்னாலும் ஸ்மித்தும் விளக்கினார்கள். அழுத்தம் வரும்போது ரப்பர் துகள்களைச் சுற்றி எண்ணற்ற நுண்பிளவுகள் தோன்றுகின்றன. மெல்லிய இழைகள் அவற்றின் இரு கரைகளையும் விடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. ஒரே பெருவிரிசலாக ஓடவேண்டிய ஆற்றலை அத்தனையும் பங்கிட்டு விழுங்குகின்றன. அந்த இடம் வெளுத்துப்போகும். பார்ப்பவர்கள் பழுது என்பார்கள். பொருள் போராடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி!

உன் மென்மையை எண்ணிக் கூசாதே. அன்பும் கண்ணீரும் நட்பும் உன்னை உடையவிடாத துகள்கள். ஆனால் ஒன்று: ரப்பரைச் சும்மா கலந்தால் போதாது. அது பாலிஸ்டைரீனோடு வேதிப்பிணைப்பால் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையேல் பயன் குறையும். மேலோட்டமான உறவும் நுனிப்புல் மேய்ந்த கல்வியும் நெருக்கடியில் கழன்றுவிடும். கற்பதை உயிரோடு பிணை! நல்லவர்களை நெஞ்சோடு பிணை!

பிறகு நீயே போய் அடுத்த சோதனையைக் கேள். தள்ளிப்போட்ட தேர்வுக்கு இன்றே விண்ணப்பி. உன்னை நிராகரித்த கதவை நாளை மீண்டும் தட்டு. அழுத்தம் ஏறட்டும், உன் தாங்குதிறன் எவ்வளவு என்பதை உலகம் அளந்து எழுதிக்கொள்ளட்டும்!