யார் வீட்டுக் கோலம்

சிதம்பரத்தில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒரு நாள் ஜரீனாவின் அச்சுப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணெழுத்து பற்றிய தாள் அது. கவிதையையும் சிறுகதையையும் மட்டுமே பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போயிருந்தது. மையும் கோடுமாகத் தன் வாழ்க்கையைக் காகிதத்தில் வைத்துவிட்டுப் போன ஒருத்தியையும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். 2004இல் அவர் செய்த 'வீட்டிலிருந்து கடிதங்கள்' என்ற வரிசை திரையில் இருந்தது. அவருடைய சகோதரி எழுதி, அஞ்சலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்களிலிருந்து உருவான படங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள், கிள்ளையிலிருந்து வரும் மாணவி கையைத் தூக்கினாள்.

"மேடம், அனுப்ப வேணாம்னுதானே அவங்க அந்தக் கடுதாசியெல்லாம் உள்ளயே வச்சிருந்தாங்க? அத எடுத்துப் படமாக்குறதுக்கு இவங்க கேட்டாங்களா?"

"அவங்களேதான் கொண்டுவந்து குடுத்தாங்கம்மா" என்றேன். சரியான பதில்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலை கடலூர் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டியும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் ஜரீனாவைப் பற்றித்தான் கேட்டாள். எனக்கு அம்மாவின் நோட்டு நினைவுக்கு வந்துவிட்டது.

ஜரீனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1937இல் அலிகாரில் பிறந்தவர். அப்பா அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். ஜரீனா படித்தது கணிதம், 1958இல் பட்டம். தூதரக அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டு பாங்காக், பாரிஸ், டோக்கியோ என்று ஊர் ஊராகப் போனார். பாரிஸில் ஹேய்ட்டரின் பட்டறையில் அச்சுக்கலை கற்றார். அவர் வெளியூரில் இருந்தபோதே, 1959இல், குடும்பம் கராச்சிக்குப் பெயர்ந்துவிட்டது. திரும்பிப் போக வீடு இல்லை. பிறகு நியூயார்க்கில் தனியாக வாழ்ந்தார், அங்கே பெண்ணியக் கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 'ஹெரிஸீஸ்' இதழ் 1979இல் மூன்றாம் உலகப் பெண்களைப் பற்றிக் கொண்டுவந்த சிறப்பிதழில் அவருக்குப் பங்குண்டு. 2020இல் லண்டனில் இறந்தார்.

அவர் செய்தவை பெரும்பாலும் காகிதத்தில்தான். கையால் செய்த காகிதம், மரக்கட்டை, கறுப்பு மை. 1999இல் செய்த 'வீடு ஓர் அந்நிய நிலம்' வரிசையில் 36 மரச்செதுக்கு அச்சுகள். ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல்லும், அந்தச் சொல்லுக்கு அவர் மனதில் இருந்த வடிவமும். வீடு, வாசல்நிலை, கதவு, முற்றம் என்று போகிறது. முற்றம் என்றால் நாம் எதிர்பார்க்கிற துளசிமாடம், கயிற்றுக்கட்டில் எதுவும் கிடையாது. சில கோடுகள், அவ்வளவுதான். கணக்குப் படித்தவரின் சிக்கனம். முதல் முறை பார்த்தபோது எனக்கு எந்த நவீன ஓவியமும் நினைவுக்கு வரவில்லை. மார்கழிக்கு முந்தைய வாரம் அடுப்படியில் உட்கார்ந்து அம்மா பென்சிலால் போட்டுப் பார்க்கிற கோலம்தான் நினைவுக்கு வந்தது.

கடிதங்கள் வரிசை வேறு மாதிரி. பெற்றோரின் மரணம், விற்றுப்போன வீடு, தங்கையோ அக்காவோ பக்கத்தில் இல்லாத ஏக்கம் என்று சகோதரி ராணி உருதுவில் எழுதி எழுதி வைத்திருந்தார். ஆண்டுகள் கழித்து அவற்றை ஜரீனாவிடம் கொடுத்தார். ஜரீனா அந்தக் கையெழுத்தை அப்படியே அச்சாக்கி, அதன் மேல் வீட்டின் தரைப்படத்தையும் ஊரின் வரைபடத்தையும் அழுத்தமான கறுப்பில் பதித்தார். வரிகள் தெரிகின்றன. கறுப்பு விழுந்த இடத்தில் தெரியவில்லை. படிக்க முனைகிற கண் ஒரு சுவரில் போய் முட்டுகிறது. ராணியின் துயரம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது, ஆனால் முழுசாக நம் கைக்கு வருவதில்லை.

இப்போது அம்மாவின் நோட்டு.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பா ரயில்வேயில் கார்டு. வீட்டுக்கு ஆண்டுதோறும் வரும் டைரிகளில் அப்பா எழுதியதில்லை, அதனால் அவை அம்மாவுக்கு. முன்பக்கங்களில் பால் கணக்கு, சீட்டுப் பணம், சிலிண்டர் வந்த தேதி. டிசம்பர் பக்கங்கள் மட்டும் கோலத்துக்கு. அந்தந்தத் தேதியில் அன்றைக்குப் போட வேண்டிய கோலம். ஓரத்தில் "15 புள்ளி, இடுக்கு, 8 வரை" என்று அளவு. அதற்குக் கீழே இன்னொரு வரி, யார் வீட்டுக் கோலம் என்று. "எதிர்வீட்டு அக்கா". "நெல்லிக்குப்பம் பெரியம்மா". "ரேஷன் கடையில் பார்த்த பெண், பச்சைப் புடவை". பெயர் தெரியாவிட்டால் அடையாளமாவது இருக்கும். சில பக்கங்களில் புள்ளி மட்டும் இருக்கும், கோடு இருக்காது. 2004 டைரியில் டிசம்பர் 26க்குப் பிறகு புள்ளியும் இல்லை. தேவனாம்பட்டினம் அப்படிக் கிடந்தபோது எங்கள் தெருவில் யாரும் வாசலில் மாவை எடுக்கவில்லை.

2009இல் லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு மத்தியானம் இந்த டைரிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். புள்ளி மட்டும் வைத்த நாட்கள் என் கண்ணில் நின்றுவிட்டன. அப்பா அம்மாவோடு வாரக்கணக்கில் பேசாமல் இருப்பார். அது எங்கள் வீட்டில் மழைக்காலம் மாதிரி வந்து போகும். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான் பேச்சு. கோடு இழுக்காத நாட்கள் அந்த நாட்கள்தான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்தில் கவிதை வந்தது. ஒரு சிற்றிதழில் வெளியானது. இன்றும் என்னை மேடைக்கு அழைப்பவர்கள் அந்தக் கவிதையைச் சொல்லித்தான் அறிமுகம் செய்கிறார்கள். அதில் அம்மாவின் பெயர் இல்லை, அப்பாவின் பெயர் இல்லை, ஊர் இல்லை. மடித்து வைத்த ஒரு பச்சைக்கொடி மட்டும் இருந்தது.

நெடுநல்வாடையை நடத்தும்போது பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்கிற ஒன்று உண்டு. அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. காதலும் பிரிவும் யாருக்கும் உரியவையாக இருக்க வேண்டும். நெடுநல்வாடையில் அரசியும் தனிமையும் வாடையும் எல்லாம் அகம்தான், பெயரும் இல்லை. ஆனால் பாசறையில் வருகிற ஒரு வேலின் தலையில் வேப்பமாலை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் பூ. அது போதும், நச்சினார்க்கினியர் பாட்டைப் புறம் என்று சொல்லிவிட்டார். இதை இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். பச்சைக்கொடியை என் கவிதையில் நானே கொண்டுபோய் வைத்தேன். எங்கள் தெருவில் ரயில்வே கார்டு ஒருவர்தான்.

அடுத்த ஆண்டு பண்ருட்டியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, அப்பா வழி உறவில் ஒருவர் பையிலிருந்து அந்த இதழை எடுத்துச் சத்தமாகப் படித்தார். ஏளனமாக இல்லை, பெருமையாகத்தான் படித்தார். முடித்ததும் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். "ஏம்மா, அப்படியா விட்டாரு உன்ன?" என்று ஒரு கிழவி கேட்டாள். அம்மா எழுந்து கை கழுவப் போனாள். ஏற்கெனவே கழுவிய கை.

அன்று இரவு வீட்டில் அம்மா சொன்னது இரண்டே விஷயம். "அது கணக்கு நோட்டு, கவித நோட்டு இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கோலத்துக்கே யாருதுன்னு எழுதி வைக்கிறவடி நான்" என்றாள்.

நான் விடவில்லை. அந்தப் புள்ளி நாட்களைப் பற்றி மட்டும் சொல்லு என்று கேட்டேன். "அன்னிக்கெல்லாம் கரண்டு இருந்திருக்காது" என்றாள். இருக்கலாம். விடியற்காலையில் விளக்கில்லாமல் சிக்குக் கோலம் போட முடியாதுதான். அப்பாவைக் காப்பாற்றச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். தன்னையே காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று முடிவு செய்கிற உரிமையை எனக்கு யாரும் தரவில்லை. கவிதையில் நான் முடிவு செய்துவிட்டிருந்தேன்.

டைரிகள் அதுவரை அடுப்படி அலமாரியில் இருந்தன. கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அவற்றைப் பின்கட்டு அறையில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது பின்கட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்தது. பெட்டிக்குள் தண்ணீர் போய் மூன்று நாள் நின்றது. பென்சில் கோலங்கள் தப்பின. பேனாவால் எழுதிய பெயர்கள் கரைந்துவிட்டன. அடுப்படி அலமாரியில் ஒரு சொட்டு நனையவில்லை.

இதை எழுதும்போது எதிர்த்தரப்பும் எனக்குள் பேசாமல் இல்லை. கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றால், நம்மில் எத்தனை பேர் ஒரு வரியாவது எழுதியிருப்போம்? குடும்ப மானம் என்று வாயைப் பொத்தும் கைக்கு அனுமதி என்பது நல்ல உறையாகிவிடும். கரோல் ஹானிஷின் கட்டுரை 1970இல் 'தனிப்பட்டதும் அரசியலே' என்ற தலைப்போடு அச்சானது. அந்தச் சொற்றொடரைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் தலைமுறைக் கவிஞர்கள் அடுப்படியையும் படுக்கையையும் கவிதைக்குள் கொண்டுவந்தோம். அதற்காக வசவும் வாங்கினோம். அதில் ஒரு வரியையும் நான் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன். அப்பாவிடம் நான் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கவில்லை. அவருடைய மௌனம் எங்கள் எல்லார் மேலும் விழுந்தது, எனக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் புள்ளிகள் என்னுடையவை அல்ல. தனிப்பட்டதும் அரசியலே என்றபோது, யாருடைய தனிப்பட்டது, யாருடைய அரசியல் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. அம்மாவுக்காகக் கோபப்படுகிறோம் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது. கவிதைக்கான கைதட்டல் எனக்கு வந்தது. கல்யாண வீட்டுக் கேள்வி அவளுக்குப் போனது. நான் மறுநாள் காலை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். அவள் அதே தெருவில், அதே மனிதரோடு இருந்தாள். அவர் அந்த முறை எத்தனை வாரம் பேசாமல் இருந்தார் என்று நான் கேட்கவில்லை.

பெண்கள் பெண்களின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வது புதிதும் அல்ல. அகநானூற்றில் வெள்ளிவீதியார், காதலனைத் தொலைத்த ஆதிமந்தியை உவமையாக்குகிறார். அதே நூலில் ஔவையார், கணவனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியையே உவமையாக்குகிறார். எடுத்தவள் எடுக்கப்படுகிறாள். உவமையாகத்தானே வருகிறது, அகத்திணை கெடவில்லை என்று வகுப்பில் சமாதானம் சொல்லிக் கடந்துவிடுவோம். எனக்கு இப்போது அந்த இரண்டு பாட்டிலும் வேறொன்று தெரிகிறது. இருவரும் பெயரைச் சொல்லித்தான் எடுக்கிறார்கள், உன்னைப் போல நானும் ஆவேனோ என்று தங்களையும் அங்கே நிறுத்துகிறார்கள். என் கவிதையில் நான் எங்கேயும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று எழுதியிருந்தேன்.

ஜரீனாவைப் புனிதராக்கவும் எனக்கு விருப்பமில்லை. கறுப்பு மை எதை மறைத்தாலும், உருது தெரிந்தவர்கள் கொஞ்சம் படித்துவிட முடியும். கடிதம் எதைப் பற்றியது என்று படத்தோடு வரும் குறிப்புகள் சொல்லிவிடுகின்றன. ராணி கொடுத்தார் என்பது உண்மை. கொடுக்கும்போது இது கண்ணாடிச் சட்டத்துக்குள் போய் முன்பின் தெரியாதவர்கள் முன் தொங்கும் என்று நினைத்துக் கொடுத்தாரா என்பது வேறு கேள்வி. ஆனாலும் கையெழுத்தை அவர் தன் சொல்லாக மாற்றவில்லை. ராணியின் எழுத்து ராணியின் எழுத்தாகவே இருக்கிறது. அதன் மேல் ஜரீனா வைத்தது இருவரும் சேர்ந்து இழந்த வீட்டை. என் கவிதையிலோ அம்மாவின் கோடு ஒன்றுகூட இல்லை. புள்ளிகளை எடுத்துக்கொண்டு கோட்டை நான் இழுத்துவிட்டேன்.

தொகுப்பு போட்டபோது அந்தக் கவிதையைச் சேர்க்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "எதுக்கு? நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று இந்த முறை கேட்டேன். பேனாவால் எழுதிய பெயர்கள் கரைந்துபோனதையும் எழுதுவதாக இருந்தால் எழுது என்றாள்.

போன மார்கழியில் சிதம்பரம் மேல வீதியில் ஒரு வாசலில் புதுமாதிரிச் சிக்குக் கோலம் ஒன்றைப் பார்த்துப் படமெடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "யார் வீட்டுது?" தெரியாது என்றேன். "கேட்டுச் சொல்லு, அப்புறம் போடுறேன்." எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் அந்த வாசலைக் கடந்து போனேன். மூன்றாம் நாள் கதவைத் தட்டினேன். என் வயதுப் பெண் ஒருத்தி ஈரத்தலையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது எங்க மாமியார் போடுறது. அவங்க தவறி நாலு வருசமாச்சு. தாராளமாப் போட்டுக்கச் சொல்லுங்க."

அந்த வாரக்கடைசியில் கடலூர் போனபோது புது டைரியில் கோலம் ஏறியிருந்தது. 17 புள்ளி, நேர்ப்புள்ளி. கீழே பென்சிலால் எழுதியிருந்தாள்: "மேல வீதி மாமியார். இப்ப இல்ல. மருமக சொன்னாங்க, எம் பொண்ணு கேட்டா."