கட்டாத பாரமும் சாதாரணக் காற்றும்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஜல்லியும் மணலும் ஏற்றிப்போகும் லாரிகளின் பின்பக்கத்தில் ஓர் அறிவிப்பைப் பார்க்கலாம். 200 அடி தள்ளி வாருங்கள், முன்கண்ணாடி உடைந்தால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். இப்படி எழுதி ஒட்டுவதால் மட்டும் பொறுப்பு தீர்ந்துவிடாது என்று அந்நாட்டு வழக்கறிஞர்கள் விளக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எழுதி ஒட்டுகிறவர்கள் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தன் வண்டியிலிருந்து நாளை பறக்கப்போகும் கல்லுக்கு இன்றே தனக்குத்தானே விடுதலை எழுதிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் வேடிக்கையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான 'ஏஏஏ'வின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011 முதல் 2014 வரையிலான நான்கு ஆண்டுகளில் சாலையில் விழுந்த, கிடந்த பொருட்களால் அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்தன. சுமார் 39,000 பேர் காயமடைந்தார்கள், 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம், சரியாகக் கட்டாத பாரமும் பராமரிக்காத வண்டியிலிருந்து கழன்று விழுந்த பாகங்களும்.

உயிர்ச்சேதம் நேர்ந்தால் யாரும் தயங்குவதில்லை. தயக்கம் எல்லாம் சின்னச் சேதத்தில்தான். முன்னால் போன வண்டியிலிருந்து ஒரு பலகை பறந்து வந்து காரின் கண்ணாடியை உடைக்கிறது, பானெட்டை நசுக்குகிறது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓட்டுநரைத் துரத்திப் பிடித்துப் பணம் கேட்பது கடவுளை நம்புகிற ஒருவருக்குத் தகுமா? உயிர் பிழைத்ததே பெரிது, கயிறு அறுந்ததற்கு அவன் என்ன செய்வான், விதி என்று விட்டுவிடு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பக்குவமான பேச்சாகத் தோன்றும் இதில் ஒரு பிழை ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. சேதம் நிகழ்ந்த நொடியையே பார்த்துக்கொண்டிருப்பதால், தவறு நிகழ்ந்த நொடி கண்ணில் படாமல் போகிறது. தவறு பாரத்தைக் கட்டிய இடத்திலேயே, வண்டி கிளம்பும் முன்பே முடிந்துவிட்டது. அதிலிருந்து பிறந்த இழப்பு ஒரு கடன். கடனைக் கேட்பதில் மதத்துக்கு விரோதமாக எதுவும் இல்லை.

இதை எனக்குத் தெரிந்து மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் யூத மத அறிஞர்களான ரப்பிகள். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பிலும், அதன் மேல் பாபிலோனிய அறிஞர்கள் சில நூற்றாண்டுகள் வாதிட்டு உருவாக்கிய தல்மூதிலும் 'பாவா கம்மா' என்ற பகுதி பெரும்பாலும் சேதங்களைப் பற்றியது. யூத வேதமான தோராவில் வரும் முட்டும் மாடு, மூடாத குழி, பரவும் நெருப்பு போன்ற சில மூல வகைகளை வைத்துக்கொண்டு, உலகத்துச் சேதங்கள் ஒவ்வொன்றும் எதன் சாயலில் அடங்கும் என்று தேடுகிறார்கள். அப்படி அவர்கள் எடுத்துக்கொள்ளும் ஓர் உதாரணம் நம் விஷயத்துக்கே வெட்டி வைத்ததுபோல் இருக்கிறது. ஒருவன் தன் கல்லையோ கத்தியையோ சுமையையோ கூரை மேல் வைக்கிறான். காற்றில் அது விழுந்து பிறர் பொருளைச் சேதப்படுத்துகிறது. அவன் தள்ளவில்லை, காற்றுதான் தள்ளியது. ரப்பிகள் கேட்பது ஒன்றே: எந்தக் காற்று? அந்த ஊரில் வழக்கமாக அடிக்கும் காற்று என்றால் அவன் கொடுத்தாக வேண்டும். யாரும் எதிர்பார்க்க முடியாத சூறாவளி என்றால் விடுதலை. நெருப்பையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். மூட்டியவன் ஒருவன், அடுத்த வயலுக்குக் கொண்டுபோனது காற்று. ஆனாலும் சாதாரணக் காற்று மூட்டியவன் கணக்கிலேயே சேரும்.

கூரையை விட்டு லாரிக்கு வந்தால் இந்த வாதம் இன்னும் இறுகுகிறது. கூரையின் மேல் காற்று வந்தால் வரும், வராமலும் போகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் லாரியின் மேல் அடிக்கும் காற்றை அந்த லாரியே உண்டாக்குகிறது. இதைவிடச் சாதாரணமான காற்று இருக்க முடியாது. மிஷ்னாவில் ஒட்டகம் ஒன்றும் வருகிறது. ஆளிநார்ப் பொதியை அளவுக்கு மீறி ஏற்றிய ஒட்டகம் தெருவில் போகிறது. பிதுங்கிய நார் ஒரு கடைக்குள் நுழைந்து விளக்கில் பற்றிக்கொள்ள, கட்டடமே எரிகிறது. நெருப்பு கடைக்காரனுடையது, ஆனால் ஒட்டகக்காரன்தான் கொடுக்க வேண்டும். கடைக்காரன் விளக்கைத் தெருவில் வைத்திருந்தால் மட்டுமே பழி அவன் மேல் திரும்பும். தன் எல்லைக்கு வெளியே நீட்டியவர் யார் என்பதுதான் அளவுகோல். இந்தியாவில் லாரிக்குப் பின்னால் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு போவதற்கு இருந்த அனுமதியை 2014இல் மோட்டார் வாகன விதியிலிருந்து எடுத்தார்கள். கம்பி கம்பியாகத்தான் இருக்கிறது, இடிப்பவர் பின்னால் வருபவர்தான், ஆனாலும் குற்றம் ஏற்றியவருடையது என்று நாமும் அதே முடிவுக்கு, சற்றுத் தாமதமாக, வந்து சேர்ந்திருக்கிறோம்.

கயிறு அறுந்ததற்கு அவன் என்ன செய்வான் என்ற வாதத்துக்கு நம் பக்கத்தில் பழைய ஆதரவு உண்டு. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் வண்டி ஓட்டுபவருக்குத் தண்டனை இல்லாத பத்துச் சூழல்களை அடுக்குகிறது. மூக்கணாங்கயிறு அறுவது, நுகத்தடி ஒடிவது, அச்சு முறிவது, வார் அறுவது எல்லாம் அதில் உண்டு. விலகு விலகு என்று ஓட்டுபவன் கூவியிருந்தாலும் தண்டனை இல்லை. லாரியில் எழுதி வைக்கும் அறிவிப்பின் மூதாதை இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அங்கே மன்னிக்கப்படுவது அரசனுக்குக் கட்டும் தண்டம் மட்டுமே. அதற்குச் சில சுலோகங்கள் முன்னால்தான், பிறர் பொருளைத் தெரிந்து கெடுத்தாலும் தெரியாமல் கெடுத்தாலும் உடையவரைத் திருப்திப்படுத்த வேண்டும், அரசனுக்கும் அதற்குச் சமமான தொகை கட்ட வேண்டும் என்ற விதி வருகிறது. தண்டத்தையும் இழப்பீட்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். கூவுவதும் எழுதி ஒட்டுவதும்கூட ஒன்றல்ல. மாட்டுவண்டிக்காரன் கூவுவது எதிரே நடந்துவருபவன் காதில் விழும், ஒதுங்க அவனுக்கு நேரமும் இருக்கும். பின்னால் வரும் கார்க்காரர் அந்த எழுத்தைப் படிக்கும் தூரத்துக்கு வந்தபோதே கல் எட்டும் தூரத்துக்கும் வந்திருப்பார். தவிர, அச்சு முறிவதும் கட்டே போடாமல் புறப்படுவதும் ஒன்றாகிவிடாது. நல்ல கயிறு எதிர்பாராமல் அறுந்தால் அதைச் சூறாவளியின் பக்கம் வைக்கலாம். இற்றுப்போன கயிறு அறுவது சாதாரணக் காற்றுதான்.

இனி சிக்கலான இடம். பலகை பறந்து வந்து காரில் மோதியது என்று வைத்துக்கொண்டோம். அது சாலையில் விழுந்து கிடந்து, கார் அதன் மேல் ஏறி அடிப்பாகம் கிழிந்திருந்தால்? பறக்கும்போது சேதம் செய்த பொருள் நெருப்பின் சாயல், விழுந்து அடங்கிய பின் சேதம் செய்தால் குழியின் சாயல் என்று தல்மூத் பிரிக்கிறது. குழி தோண்டியவன் அதில் விழுந்த மாட்டுக்கும் கழுதைக்கும் கொடுக்க வேண்டும். உடைந்த பாத்திரங்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ரப்பிகள் தோராவின் வாசகத்திலிருந்து முடிவெடுத்தார்கள். கார் இந்தக் கணக்கில் பாத்திரம். மூன்றாம் நூற்றாண்டில் இதே புள்ளியில் இரு பெரியவர்கள் பிரிகிறார்கள். பாபிலோனியாவின் சூராவில் கல்விக்கூடம் நிறுவிய ரவ், உடைமையைக் கைவிடாத வரை சாலையில் கிடக்கும் பொருள் அவனுடைய மாட்டைப்போல, ஆகவே பாத்திரத்துக்கும் அவன் கொடுக்க வேண்டும் என்றார். நெஹர்தெயாவின் ஷ்முவேல் எல்லாமே குழிதான் என்றார். பண விவகாரங்களில் ஷ்முவேல் சொல்வதே நிற்கும் என்பது மரபு. ஆக, அதே பலகை, அதே கயிறு, அதே கவனக்குறைவு. ஆனால் ஒரு நொடி முன்னால் மோதினால் இழப்பீடு உண்டு, ஒரு நொடி பின்னால் மோதினால் இல்லை. என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு இது. தவறு கட்டும் இடத்திலேயே முடிந்துவிட்டது என்றால், பலகை எங்கே இருந்தது என்பது எதற்கு?

இந்தப் பிரிவினை அறத்தின் எல்லையைக் காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. நீதிமன்றம் ஒருவர் சட்டைப்பையில் கைவிட்டு எவ்வளவு எடுக்கலாம் என்பதன் எல்லை அது. ரப்பிகளே இந்த இரண்டையும் வேறாக வைத்திருந்தார்கள். மனிதர் தீர்ப்பில் விடுதலை, வானத்துத் தீர்ப்பில் கடன் என்று அவர்கள் பட்டியலிடும் வழக்குகள் உண்டு. நெருப்பைச் சிறுவன் ஒருவன் கையில் கொடுத்து அனுப்பி, அவனால் சேதம் வந்தால், அனுப்பியவனை நீதிமன்றம் தொடாது, ஆனால் கடவுள் முன்னால் அவன் கடன்பட்டவன். மறுபக்கம், கிடந்த பொருளைப் பார்க்காமல் ஏற்றினாயே, உன் தவறுதான் என்ற வாதத்துக்கும் தல்மூதில் பதில் இருக்கிறது. தெருவில் கிடந்த குடத்தில் ஒருவன் இடறி அதை உடைத்தால் அவன் கொடுக்க வேண்டியதில்லை. மனிதர்கள் பாதையில் போகும்போது தரையை உற்றுப் பார்த்துக்கொண்டு போவதில்லை என்பதே காரணம். கால்நடையாகப் போனவனுக்கே இந்தச் சலுகை என்றால் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இல்லாமல் போகுமா? பாத்திரத்துக்கு இல்லை என்ற இடைவெளியை நிரப்பவும் வழி இருக்கிறது. நாட்டின் சட்டமும் சட்டமே என்று விதித்தவர் அதே ஷ்முவேல். அந்த விதி எதுவரை செல்லும் என்பதில் ரப்பிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எல்லோரும் பயன்படுத்தும் சாலைக்கு அரசு வகுத்த ஒழுங்குக்கு அது பொருந்தாது என்று வாதிடுவது கடினம்.

விதி என்று விட்டுவிடு என்பதற்கு வருகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஸ்பெயினில் எழுதப்பட்ட 'ஸேஃபர் ஹஹினூக்' தோராவின் 613 கட்டளைகளை விளக்கும் நூல். பழிவாங்காதே என்ற கட்டளைக்கு அது சொல்லும் காரணம், உனக்கு நேர்வதெல்லாம் கடவுளின் சம்மதத்தோடு நேர்கிறது, ஆகவே கருவியாக வந்த மனிதன் மேல் வஞ்சம் கொள்ளாதே என்பது. அசல் விதிவாதம். ஆனால் அதே நூல் குழி, நெருப்பு ஆகியவற்றால் வந்த சேதத்துக்குத் தீர்ப்பு வழங்குவதையும் கட்டளைகளாக எண்ணுகிறது. எனக்கு ஏன் நேர்ந்தது என்ற கேள்விக்கு விதி பதிலாகலாம். அவன் ஏன் கட்டவில்லை என்ற கேள்விக்கு அது பதிலாகாது. மன்னிப்பு உயர்ந்ததுதான். ஆனால் இல்லாத கடனை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. இவ்வளவு நீ தர வேண்டும் என்று தெரிந்த பிறகு, வேண்டாம் என்று சொல்வதுதான் மன்னிப்பு. கேட்கவே கூச்சப்பட்டு ஒதுங்கிப்போய், அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொள்வதில் பாதி நேரம் சோம்பல்தான் இருக்கிறது. கேட்காமல் விட்டால் சேதம் செய்தவருக்கும் நன்மை இல்லை. மனிதருக்கு மனிதர் செய்த பிழையை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும் வரை பாவநிவாரண நாளும் போக்காது என்கிறது மிஷ்னா. தன் பலகை யார் காரை உடைத்தது என்றே தெரியாமல் போய்விடும் ஓட்டுநர் யாரைச் சமாதானப்படுத்துவார்?

கேட்பதற்கும் வரம்பு உண்டு. நிரூபிக்க வேண்டியவர் கேட்பவர்தான். அந்த லாரியிலிருந்துதான் விழுந்தது என்று காட்ட முடியாவிட்டால் ஆத்திரம் ஆதாரமாகிவிடாது. டேஷ்கேமரா இந்த விஷயத்தில் பெரிய உதவி. சேதத்துக்கு நேரான மதிப்பைக் கேட்கலாம். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாட்களில் கைவிட்டுப்போன வருமானம் போன்ற சுற்றுவழி இழப்புகளைத் தல்மூத் வழக்கமாக நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்துகிறது. காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டால் அதே தொகையை இன்னொரு முறை வாங்குவது நியாயமாகாது. ஆனால் பாதிக்கப்பட்டவர் பிரீமியம் கட்டி வாங்கிய பாதுகாப்பு, கயிறு கட்டாதவரின் கடனை அழித்துவிடாது. கேட்கும் உரிமை கைமாறுகிறது, அவ்வளவே.

மிச்சமிருப்பது ஏழை ஓட்டுநர். அன்றாடக் கூலிக்காரரிடம் போய் முன்கண்ணாடிக்குப் பணம் கேட்பதா? தல்மூதில் சுமைகூலிகளைப் பற்றிய ஒரு கதை உண்டு. ஓர் அறிஞரின் மதுச்சாடியைக் கூலியாட்கள் உடைத்துவிட்டார்கள். அவர் அவர்களுடைய மேலாடைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். வழக்கு ரவ்விடம் வந்தது. ஆடைகளைத் திருப்பிக் கொடு என்றார். இதுவா சட்டம் என்று அறிஞர் கேட்க, ஆம், நல்லோர் வழியில் நட என்று எழுதியிருக்கிறதே என்றார். நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்று கூலியாட்கள் சொன்னதும், கூலியையும் கொடு என்றார். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். இந்தக் கதையை இழப்பீட்டுக்கு எதிரான சாட்சியாகக் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ரவ் பேசியது சாடிக்காரரிடம், கற்றறிந்த ஒருவரிடம். உடைத்தவர்கள் கொடுக்க வேண்டியதில்லை என்று அவர் சொல்லவில்லை; நீ வாங்காதே என்றார். இரக்கத்தைத் தன் உரிமையாக லாரிக்காரர் கோர முடியாது.

லாரியின் பாரத்தில் பெரும்பாலும் இரண்டு பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு விஷயம். அறிவுள்ள ஒருவன் கையில் நெருப்பைக் கொடுத்து அனுப்பினால் கொடுக்க வேண்டியவன் அந்த அறிவுள்ளவனே என்பது மிஷ்னா. அதன்படி ஓட்டுநர் மாட்டுவார், முதலாளி தப்புவார். இங்கே மனு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்: ஓட்டுபவனின் திறமைக்குறைவால் வண்டி தடம் மாறிக் கேடு வந்தால் தண்டம் வண்டியின் சொந்தக்காரனுக்கு, ஓட்டுபவன் திறமையானவன் என்றால் அவனுக்கே. பாரம் வெளியே நீட்டியிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கும், இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தமும் ஓட்டியவரோடு நிற்காமல், ஓட்ட வைத்தவரையும் ஓட்ட விட்டவரையும் சேர்த்துக்கொள்கிறது. அந்த அபராதம் அரசுக்குப் போகிறது, கார்க்காரருக்கு அதில் ஒரு பைசா இல்லை. அவர் தன் சேதத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தனியாகப் போக வேண்டும். அங்கே போகும்போது, கூலிக்கு ஓட்டியவரை ரவ் சொன்னபடி விட்டுவிட்டு, தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் காசு ஒதுக்காத உரிமையாளரிடமும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமும் முழுத்தொகையையும் கேட்பதற்கு அந்தக் கதையில் எந்தத் தடையும் இல்லை.