வில்லங்கச் சான்றில் வராதவர்கள்

வீடு வாங்குகிறவர்கள் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள். முப்பது வருடத்துக்குத் துருவி, வில்லங்கம் ஏதுமில்லை என்று வந்துவிட்டால் நிம்மதி. அந்த வீட்டில் ஒரு குடும்பம் எட்டு வருடமாக மாத வாடகைக்கு இருப்பது அதில் வராது. பதிவு செய்யாத வாடகை சார்பதிவாளருக்குத் தெரியாது. ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விவரமானது. ஒருவர் குடியிருக்கும் சொத்தை வாங்கினால், அவருக்கு அதில் என்ன உரிமை என்பதும் வாங்கியவருக்குத் தெரியும் என்றே 3ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும்.

"அது ஒண்ணும் இல்ல சார், சொன்னா காலி பண்ணிடுவாங்க" என்றார் என் தரகர். நானும் இருபது வருடம் வாடகை வீட்டில் இருந்தவன்தான். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே அதெல்லாம் மறந்துவிட்டது.

மாத வாடகையை முடித்துக்கொள்ள 106ஆவது பிரிவு கேட்பது 15 நாள் நோட்டீஸ். முன்பெல்லாம் அந்தக் கெடு வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும்; தேதி பிசகினால் வழக்கே போய்விடும். 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கவலையைப் போக்கியது. வீட்டுக்காரரின் கவலையை. 1882இல் ஒரு குடும்பத்தை மாட்டுவண்டியில் ஏற்ற 15 நாள் போதுமாக இருந்திருக்கும். அரைப் பரீட்சை முடிந்த பிள்ளைக்கு வேறு பள்ளியில் இடம் கிடைக்க அது போதாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலிருக்கும் வாடகைச் சட்டப்படி, தானாகப் போகாதவரை எழுப்ப வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இதைத் தரகர் சொல்லவில்லை.

நான் போய் விஷயத்தைச் சொன்னபோது அந்த வீட்டு அம்மா சண்டை போடவில்லை. "எங்க அட்வான்ஸ் இப்ப யார்கிட்ட சார் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பழைய உரிமையாளர் அதை விலையில் கழிக்கவில்லை. கழிக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. பத்திரத்தில் கிணறு இருந்தது, மின் இணைப்பு எண் இருந்தது, மூலைத் தென்னை மரம்கூட இருந்தது. அவர்கள் இல்லை.

அட்வான்ஸை என் கையிலிருந்து கொடுத்தேன். முழுப் பரீட்சை முடிந்து மே மாதம் போனார்கள். வீடு பார்க்கப் போகிறவர்கள் டோக்கன் பணம் கொடுக்கும் முன் உள்ளே இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்: எப்போது வந்தீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு, எந்த மாதம் போனால் சௌகரியம்?