வாக்கின் தர்மம்

சிங்கப்பூரில் புக்கிட் மேரா என்று ஓர் இடம் உண்டு; அந்த மலாய்ச் சொற்களுக்குச் செங்குன்று என்பது பொருள். கூரிய அலகுடைய தோடாக் மீன்கள் கரையிலிருந்தோரைக் குத்திக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், மனிதர்களையே கரையோரம் அரணாக நிறுத்தியிருந்த அரசனிடம், அவர்களுக்குப் பதிலாக வாழைத்தண்டுகளை நிறுத்தலாமே என்று யோசனை சொல்லி ஊரைக் காத்த சிறுவன் ஒருவன், அவனுடைய புத்திக்கூர்மை பின்னாளில் தனக்கே ஆபத்தாகுமென்று அஞ்சிய அரசனால் கொல்லப்பட்டான் என்றும், அவன் குருதி தோய்ந்தே இம்மண் சிவந்தது என்றும் பழங்கதை கூறுகிறது. தன் மனச்சாட்சிக்கு உண்மையென்று பட்டதை, பலன் கிட்டாதென்று தெரிந்தபோதும், அதிகாரத்தின் முன் ஒருவன் சொல்லத்தான் வேண்டுமா? இந்தத் தர்ம விசாரத்தை, இக்குன்றைச் சூழ்ந்த தொகுதிகளில் வாக்குக் கேட்டு நடந்த ஒரு தமிழரின் வாழ்க்கை நம்முன் மறுபடி வைக்கிறது.

யாழ்ப்பாணத்தில் 1926-ல் பிறந்து, லண்டனில் சட்டம் பயின்று, சிங்கப்பூரின் நீதித்துறையில் பணியாற்றிய ஜே. பி. ஜெயரத்தினம், 1971-ல் பாட்டாளிக் கட்சியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ராடின் மாஸ் உறுப்பினர் என். கோவிந்தசாமி மறைந்தபின் 1977-ல் அங்கு நடந்த இடைத்தேர்தலில் தோற்றார். 1979-ல் தெலுக் பிளாங்காவில் தோற்றார். மறு ஆண்டு பொதுத்தேர்தலில் அதே தெலுக் பிளாங்காவில் நின்று மீண்டும் தோற்றார். 1981 அக்டோபர் 31-ஆம் நாள் ஆன்சன் தொகுதியில் 7,012 வாக்குகள் பெற்று அவர் வென்றபோதுதான், 1968 முதல் ஆளுங்கட்சியினர் மட்டுமே அமர்ந்திருந்த நாடாளுமன்றத்தில் முதல் எதிர்க்குரல் எழுந்தது.

அதன்பின் வந்த சோதனைகள் பல. கட்சிக் கணக்குகள் தொடர்பான வழக்கில் 1986-ல் தண்டனை பெற்று, சிறை சென்று, பதவியையும் இழந்தார். வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட அவரை 1988-ல் மீண்டும் சேர்க்க ஆணையிட்ட லண்டன் பிரிவி கவுன்சில், அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதாகக் கூறியது. எனினும் அத்தண்டனை ரத்தாகவில்லை. 1997-ல் தொகுதியில்லா உறுப்பினராக அவைக்குத் திரும்பியவரை, தமிழ்மொழி வாரத்தைக் குறித்துத் தம் கட்சி ஏடு 1995-ல் வெளியிட்ட ஒரு தமிழ்க் கட்டுரையின்மீது எழுந்த அவதூறு வழக்கின் இழப்பீடு, 2001-ல் திவாலாக்கி மீண்டும் வெளியேற்றியது.

பலனில் பற்றின்றிக் கர்மம் செய் என்று கீதை உபதேசிக்கிறது. ஆயினும் பிடிவாதமும் அதே உபதேசத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொள்ளக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது. வள்ளுவரோ பிறர்க்குத் தீங்கு தராமையையே வாய்மைக்கு இலக்கணமாக வகுத்தார். ஒருவனுடைய நற்பெயரும் அவனது செல்வமே என்று அவதூறுச் சட்டம் கருதுவதற்கும் அந்நெறியில் நியாயம் உண்டு. ஆகவே, துணிந்து பேசிவிட்டான் என்பதாலேயே ஒருவனைச் சத்தியவான் என்று கொள்வதற்கில்லை. தான் பேசிய சொல்லின் விலையைப் பிறர் தலையில் ஏற்றாமல் தானே சுமக்கிறானா, சுமந்தபின்னும் வெறுப்பினால் ஊரை விட்டு அகலாமல் நிற்கிறானா என்பதே உறுதியையும் பிடிவாதத்தையும் பிரித்துக்காட்டும் உரைகல்லென்பது என் துணிபு.

இவ்வுரைகல்லில் ஜெயரத்தினத்தின் வாழ்வு தேறுகிறது. முதுமையில் தாம் எழுதிய நூலைத் தெருவோரம் நின்று தம் கையாலேயே விற்றார். கடனைத் தீர்த்து 2007-ல் திவால் நிலையிலிருந்து மீண்டார். 2008-ல் புதிய கட்சி தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், 82-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய கொள்கைகள் அனைத்தும் சரியா என்பதில் அறிஞர் வேறுபடலாம். ஆனால் தோற்ற தெலுக் பிளாங்காவுக்கே அடுத்த ஆண்டு வாக்குக் கேட்டு மறுபடி நடந்த கால்களில், கர்ம யோகம் என்ற பெரிய சொல்லுக்கு ஓர் எளிய உரை எழுதப்பட்டிருக்கிறது.